அச்சாரம்: சாண்டோ சின்னப்பா தேவரும் சொன்ன தேதியும்

(துடியலூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மாலை ஆறு மணிக்குக் கூட்டம் என்று அழைப்பிதழில் போட்டிருந்தீர்கள். ஆறு மணி ஐந்து நிமிடத்துக்கு என்னைப் பேச விட்டுவிட்டீர்கள். நம் ஊர்க் கூட்டங்களில் இது அபூர்வம். ஆனாலும், நான் இன்றைக்கு யாரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேனோ அவர் இங்கே இருந்திருந்தால் அந்த ஐந்து நிமிடத்துக்கும் கணக்குக் கேட்டிருப்பார்.

சின்ன வயதில் என் அப்புச்சி (அம்மாவின் அப்பா) என்னைப் பொள்ளாச்சி மாட்டுச் சந்தைக்குக் கூட்டிப்போவார். செவ்வாய்க்கிழமைச் சந்தை. அங்கே நான் கண்ட ஒரு காட்சி இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. விற்கிறவர் ஒருவர், வாங்குகிறவர் ஒருவர், நடுவில் தரகர். தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கையின் மேல் போட்டுக்கொள்வார்கள். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் பேரம். வாயைத் திறக்க மாட்டார்கள். முகத்தைப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. ஒரு கணத்தில் தரகர் துண்டை உதறுவார். அச்சாரம் கை மாறும். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அடுத்த ஆள் வந்து ஆயிரம் ரூபாய் கூடத் தருகிறேன் என்றாலும் மாடு அவருக்கு இல்லை. "அச்சாரம் வாங்கியாச்சுங்க" என்ற இரண்டு சொல்லில் பேச்சு முடிந்துவிடும்.

ஒரு சினிமாத் தயாரிப்பாளரைப் புரிந்துகொள்ள இந்தத் துண்டுக்கு அடியில் கையை விட்டுப் பார்க்க வேண்டும் என்பதுதான் நான் இன்று சொல்ல வந்த செய்தி. அந்தத் தயாரிப்பாளர் நம் கோயமுத்தூர் ராமநாதபுரத்தில் பிறந்த எம்.எம்.ஏ. சின்னப்பா தேவர். உலகம் அறிந்த பெயர் சாண்டோ சின்னப்பா தேவர்.

தயாரிப்பாளர் என்றால் யார்?

கதாநாயகன் யார், இயக்குநர் யார், பாட்டெழுதியவர் யார் என்று கேட்டால் நம் வீட்டுக் குழந்தைகூடச் சொல்லும். தயாரிப்பாளர் என்ன செய்கிறார் என்று கேட்டால், "பணம் போடுகிறார்" என்போம். பணம் மட்டும் போடுகிறவருக்கு நம் ஊரில் ஃபைனான்சியர் என்று தனிப்பெயர் இருக்கிறது. தயாரிப்பாளர் செய்வது வேறு. நூறு பேரை ஒரு நாளில், ஓர் இடத்தில் கூட்டுவது. நடிகர் வந்து விளக்கு வராமல் போனாலும், விளக்கு வந்து சாப்பாடு வராமல் போனாலும், எல்லாம் வந்து மழை வந்தாலும் நஷ்டம் அவருடையது. நாளைக் குறிப்பவரும் அவரே, நாளுக்குப் பொறுப்பேற்பவரும் அவரே.

இந்தத் தொழிலைப் பெரிய அளவில் வளர்த்தெடுத்த அமெரிக்காவைப் பாருங்கள். ஹாலிவுட்டின் முதல் தலைமுறை முதலாளிகளில் சாமுவேல் கோல்ட்வின் கையுறை விற்றவர். அடால்ஃப் ஸூகர் மென்மயிர்த் தோல் வியாபாரி. லூயி பி. மேயர் பழைய இரும்பு வியாபாரத்திலிருந்து வந்தவர். யாரும் கலைக்கல்லூரி வாசலை மிதித்தவர்கள் இல்லை. கடைக்கு வருகிற ஆள் எதைத் தொட்டுப் பார்க்கிறார், எதைக் கையில் எடுத்துவிட்டுத் திரும்ப வைக்கிறார் என்று பார்த்துப் பழகிய கண் அவர்களுடையது. நம் தேவருக்கும் அதே கண் இருந்தது. அவர் விற்றது பாலும் சோடாவும்.

ராமநாதபுரத்துப் பையன்

1915 ஜூன் 28 அன்று தேவர் பிறந்தார். பெயருக்கு முன்னால் நிற்கும் எழுத்துகளில் மருதமலையும் மருதாசலமூர்த்தியும் தகப்பனார் அய்யாவும் இருக்கிறார்கள். கையெழுத்துப் போடும்போதெல்லாம் மலையையும் சாமியையும் தகப்பனையும் கும்பிட்டுவிட்டுத்தான் அவர் தம் பெயருக்கு வர வேண்டும்.

குடும்பம் வறுமையானது. படிப்பு தொடக்கத்திலேயே நின்றது. பங்கஜா மில்லில் வேலை, பிறகு ஸ்டேன்ஸ் கம்பெனியில் வேலை, அதன் பிறகு பால் வியாபாரம், சோடாக் கம்பெனி. அந்தக் காலத்துக் கோயமுத்தூரை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். 1932இல் பைகாரா மின்சாரம் வந்தது. வந்ததும் மில்கள் மளமளவென்று எழுந்தன. வீட்டில் கடிகாரம் இல்லாத ஊர் மில் சங்கை வைத்து நேரம் பார்த்தது. சங்கு ஊதி முடிப்பதற்குள் வாசலுக்குள் கால் இருக்க வேண்டும், இல்லையென்றால் அன்றைய கூலி போச்சு. பால்காரருக்கு அந்தச் சங்குகூட இல்லை. விடியும் முன் பால் போகாவிட்டால் அடுத்த நாள் வாடிக்கை இருக்காது. பின்னாளில் சினிமா உலகமே வியந்த அவருடைய நேரக் கண்டிப்பு இந்தச் சங்கிலும் பால் குவளையிலும் கற்றது என்பது என் எண்ணம்.

இன்னொரு பள்ளிக்கூடம் தேகப்பயிற்சிச் சாலை. "சாண்டோ" என்ற பட்டம் அங்கிருந்து வந்தது. அந்தச் சொல்லுக்கு ஒரு சுவையான பயணம் உண்டு. பிரஷ்யாவில் பிறந்த யூஜின் சாண்டோ என்ற பலசாலியின் பெயர் அது. 1894இல் அமெரிக்காவில் எடிசனின் நிறுவனம், தான் கண்டுபிடித்த அசையும் படக் கருவிக்காக அவரைத் தசைகளை முறுக்கிக் காட்டச் சொல்லிப் படம் பிடித்தது. சினிமா பிறந்த வீட்டிலேயே முகம் காட்டியவர்களில் ஒருவர் சாண்டோ. 1904-05இல் அவர் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தார். அதற்குப் பிறகு ஊருக்கு ஊர் கர்லாக்கட்டை சுற்றும் இளைஞர்கள் தங்கள் பெயருக்கு முன்னால் சாண்டோவைச் சேர்த்துக்கொண்டார்கள்.

அதே 1905இல்தான், ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்த கோவைக்காரர் சாமிக்கண்ணு வின்சென்ட், டூபான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பினார். 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார். ஆக, எடிசனின் கருவி முன்னால் நின்ற பயில்வானின் பெயர் நம் ஊர்த் தேகப்பயிற்சிச் சாலைக்கு வந்தது. அந்தக் கருவியின் சகோதரக் கருவி நம் ஊர்க் கொட்டகைக்கு வந்தது. இரண்டும் ஒரு மனிதரில் சேர இன்னும் சில காலம் பிடித்தது.

ஸ்டூடியோ வாசலில்

முப்பதுகளின் நடுவிலிருந்து சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டூடியோஸ் இயங்கியது. மில்லில் வந்த பணமும் பைகாராவில் வந்த மின்சாரமும் சேர்ந்த இடம் அது. பிறகு எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜா வந்தது. எம்.ஜி.ஆர். நடித்த "மலைக்கள்ளன்" 1954இல் அங்கிருந்துதான் வெளியானது. அதையே 1955இல் திலீப் குமாரை வைத்து "ஆசாத்" என்று இந்தியிலும் எடுத்தார் நாயுடு. கோயமுத்தூரிலிருந்து இந்திக்குப் போகும் பாதையை வெட்டியவர் அவர். தேவர் பின்னால் அதே வழியில் யானையை ஓட்டிக்கொண்டு போனார்.

ஜூபிடர் பிக்சர்ஸ் சென்ட்ரல் ஸ்டூடியோவில் எடுத்த "ராஜகுமாரி" 1947இல் வந்தது. ஏ.எஸ்.ஏ. சாமி இயக்கம், மு. கருணாநிதி வசனத்தில் பங்கு, எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகன். அந்தப் படத்தின் சண்டைக் காட்சிக்குப் பெயர் பெற்ற வேறு ஒருவரைப் போட நினைத்தபோது, தம் நண்பர் சின்னப்பாவே வேண்டும் என்று எம்.ஜி.ஆர். பிடிவாதம் பிடித்தார் என்பது திரையுலகம் அறிந்த செய்தி. இத்தனைக்கும் எம்.ஜி.ஆருக்கே அந்த வாய்ப்பு நிலைக்குமா என்று உறுதியில்லாத நேரம். தனக்கே நாற்காலி ஆடிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் இன்னொருவருக்கு இடம் போட்டவர் அவர். தேவர் அதை மறக்கவில்லை.

அடுத்த பத்தாண்டு தேவர் அடிவாங்கும் வேடங்களிலும் அடிக்கும் வேடங்களிலும் நடித்தார். தம்பி எம்.ஏ. திருமுகம் ஜூபிடரில் படத்தொகுப்பு கற்றார். அண்ணன் படப்பிடிப்புத் தளத்தில் பொழுது எப்படி வீணாகிறது என்று பார்த்தார், தம்பி தொகுப்பு அறையில் ஃபிலிம் எப்படி வீணாகிறது என்று பார்த்தார். இருவரும் பார்த்ததைக் கூட்டினால் அதுதான் தேவர் ஃபிலிம்ஸ்.

தீபாவளி, பொங்கல், சித்திரை ஒன்று

1956இல் "தாய்க்குப்பின் தாரம்" வந்தது. எம்.ஜி.ஆர்., பானுமதி நடிப்பு, திருமுகம் இயக்கம், கே.வி. மகாதேவன் இசை. படம் ஓடியது. அதன் பிறகு ஐந்து ஆண்டுகள் தேவர் படத்தில் எம்.ஜி.ஆர். இல்லை. அந்த இடைவெளியில் தேவர் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. ரஞ்சனை வைத்து "நீலமலைத் திருடன்", ஜெமினி கணேசனை வைத்து "வாழ வைத்த தெய்வம்", அப்புறம் "யானைப்பாகன்", "கொங்குநாட்டுத் தங்கம்" என்று எடுத்துக்கொண்டே இருந்தார்.

1961இல் நண்பர்கள் மீண்டும் சேர்ந்தார்கள். "தாய் சொல்லைத் தட்டாதே" 1961 நவம்பர் 7, தீபாவளி அன்று வெளியானது. அதே நாளில் வந்த இன்னொரு படம் "கப்பலோட்டிய தமிழன்". எது வரலாற்றில் நின்றது, எது கொட்டகையில் நின்றது என்று உங்களுக்கே தெரியும். அடுத்த படம் "தாயைக்காத்த தனயன்", 1962 சித்திரை மாதப் பிறப்புக்கு வந்தது. "வேட்டைக்காரன்" 1964 பொங்கலுக்கு. "விவசாயி" 1967 தீபாவளிக்கு. 1956 முதல் 1972இல் வந்த "நல்ல நேரம்" வரை எம்.ஜி.ஆரை வைத்து மட்டும் 16 படங்கள். ஒரே நாயகன், ஒரே இயக்குநர், பெரும்பாலும் ஒரே இசையமைப்பாளர். 1962, 1963, 1964, 1966, 1967, 1968 ஆகிய ஆண்டுகளில் ஆண்டுக்கு இரண்டு என்று வந்தன.

பூஜை போடுகிற அன்றைக்கே வெளியீட்டு நாளையும் சொல்லிவிடுவார் என்று தேவரைப் பற்றிச் சொல்வார்கள். கேட்பதற்குச் சின்ன விஷயமாகத் தெரியும். அதில் இருக்கும் சூத்திரத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். படம் எடுப்பவர் வட்டிக்கு வாங்கித்தான் எடுக்கிறார். நாள் தள்ளத் தள்ள வட்டி ஏறும். பண்டிகை தவறினால் கொட்டகை கிடைக்காது. விநியோகஸ்தர் நாளை நம்பினால்தான் முன்பணம் தருவார். அவர் முன்பணம் வந்தால்தான் நடிகருக்குச் சம்பளம் போகும். சம்பளம் கையில் விழுந்தால்தான் நடிகர் குறித்த நேரத்துக்கு வருவார். அவர் வந்தால்தான் நாள் நிற்கும். சுற்றிச் சுற்றி எல்லாம் தேதியில் வந்து முடிகிறது. நடிகர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் தேவர் சம்பளத்தைப் பாக்கி வைக்காமல் முன்னதாகவே கொடுத்துவிடுவார் என்று அவரோடு வேலை செய்தவர்கள் ஒரே குரலில் சொன்னதற்குக் காரணம் தாராளம் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. அச்சாரம் முழுசாகக் கொடுத்தவனுக்குத்தான் மாட்டை ஓட்டிக்கொண்டு போகும் உரிமை. இது சந்தை படித்துக் கொடுத்த பாடம்.

இதில் ஒரு நாளை மட்டும் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். 1967 ஜனவரி 12. சென்னை ராமாவரம் தோட்டத்து வீட்டில் எம்.ஜி.ஆரை எம்.ஆர். ராதா சுட்டார். குண்டு கழுத்தில். மறுநாள் 13ஆம் தேதி தேவரின் "தாய்க்குத் தலைமகன்" வெளியானது. நாயகன் பிழைப்பாரா என்று ஊரே மருத்துவமனை வாசலில் நிற்கிறது, திரையில் அவர் ஓடுகிறார், பாடுகிறார். உயிர் பிழைத்தார். ஆனால் பேச்சு வருமா? வசனம் பேச முடியாத நடிகரை வைத்துப் படம் எடுக்க எந்த முதலாளி துணிவார்? மருத்துவமனைக்குப் போய், அடுத்த படத்துக்கான முன்பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தார் தேவர் என்று திரையுலகில் சொல்வார்கள். அதே ஆண்டு தீபாவளிக்கு, நவம்பர் 1 அன்று, "விவசாயி" கொட்டகைக்கு வந்துவிட்டது. குண்டு பட்ட தொண்டையோடு எம்.ஜி.ஆர். பேசினார். மக்கள் அந்தக் குரலை ஏற்றுக்கொண்டார்கள்.

வைத்தியர் மருந்து கொடுத்தார், தேவர் தேதி கொடுத்தார். படுக்கையில் கிடக்கும் மனிதனுக்கு, "இன்ன நாளில் நீ வேலைக்கு வருகிறாய்" என்று ஒருவர் சொல்வதில் எத்தனை பலம் இருக்கிறது என்பது நோயில் கிடந்து எழுந்தவர்களுக்குத் தெரியும். 1947இல் வாங்கிய அச்சாரத்துக்கு 1967இல் சரக்கு கொடுத்தார் என்றும் சொல்லலாம்.

தேதி தெரியாத நடிகர்கள்

இப்போது ஒரு வேடிக்கைக்கு வருவோம். நாள் விஷயத்தில் இவ்வளவு கறாரான மனிதர், நாள் என்றால் என்னவென்றே தெரியாத நடிகர்களை வைத்துத்தான் பெயர் வாங்கினார். காளை, யானை, சிறுத்தை, பாம்பு, பசு, ஆடு, நாய். சம்பளம் முன்னதாகக் கொடுத்தாலும் யானை சீக்கிரம் வராது. எம்.ஜி.ஆரால்கூடத் தள்ளிப்போட முடியாத தேவர் படப்பிடிப்பு, யானைக்குப் பசித்தால் நின்றுவிடும்.

முதல் படத்திலேயே காளையை அடக்கும் காட்சி இருக்கிறது. அப்போதே நம் ஆட்களின் நாடியைப் பிடித்துவிட்டார். கொங்கு நாட்டுக் குடியானவன் வீட்டில் மாடு தொழுவத்தில் மட்டுமா இருக்கிறது? வீட்டுக் கணக்கில் இருக்கிறது, பொங்கலில் இருக்கிறது, சண்டையில் இருக்கிறது. அண்ணன் தம்பி பாகம் பிரிக்கும்போது எந்த மாடு யாருக்கு என்பதில்தான் குரல் உயரும். அந்த மாட்டைத் திரையில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் கொட்டகை எழுந்து உட்காரும் என்று மில் தொழிலாளியாக, பால்காரராக இருந்தவருக்குத் தெரிந்திருந்தது.

இதே கொங்கு மண்ணுக்கு யானையைப் படம் பிடிக்க அமெரிக்கர்களும் வந்தார்கள். சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் நடத்திய டி.ஆர். சுந்தரத்தோடு சேர்ந்து அமெரிக்கத் தயாரிப்பாளர் வில்லியம் பெர்க் 1952இல் "தி ஜங்கிள்" என்ற படத்தை எடுத்தார். தமிழில் அதற்குப் பெயர் "காடு". நம் ஊரில் "அம்பிகாபதி", "சகுந்தலை", "மீரா" எல்லாம் இயக்கிய அமெரிக்கர் எல்லிஸ் ஆர். டங்கனுக்கும் அதில் பங்கு உண்டு. அந்தப் படத்தில் உடல் முழுக்க ரோமம் அடர்ந்த பழங்காலத்து யானைகள் வரும். எப்படி வந்தன என்கிறீர்கள்? நம் யானைகளுக்கு ரோமத்தைப் போர்த்தி நிற்க வைத்தார்கள். அமெரிக்கப் பார்வையாளருக்கு வெறும் யானை போதவில்லை, அதற்கு மேல் ஓர் அதிசயம் தேவைப்பட்டது. தேவருக்கு யானை யானையாகவே போதுமாக இருந்தது. அது குளிக்கும், கோபப்படும், பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொள்ளும், எசமானுக்காக அழும். ரோமத்தைப் போர்த்தாமல் உறவைப் போர்த்தினார்.

1967இல் தண்டாயுதபாணி ஃபிலிம்ஸ் பெயரில் "தெய்வச் செயல்" என்ற யானைக் கதையை எடுத்தார். அது அவருடைய பெரிய படங்களின் வரிசையில் சேரவில்லை. வேறொருவர் என்றால் யானையை மறந்திருப்பார். தேவர் அதே கருவை இந்திக்கு எடுத்துப்போனார். அப்போது ராஜேஷ் கன்னா உச்சத்தில் இருந்தார். பம்பாயில் ஒரு பங்களா வாங்கப் பணம் தேவைப்பட்ட நேரத்தில், தேவர் கொடுத்த பெரிய முன்பணத்துக்காக அவர் ஒப்புக்கொண்டார் என்றும், கதையைச் சீர்செய்து தரும்படி தங்களிடம் கேட்டார் என்றும் திரைக்கதை ஆசிரியர் ஜாவேத் அக்தர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். சலீம், ஜாவேத் இருவரும் சேர்ந்து தொடக்க காலத்தில் எழுதிய படங்களில் ஒன்றாக 1971இல் "ஹாத்தி மேரே சாத்தி" வந்தது. அநாதைப் பையன், அவனைக் காப்பாற்றி வளர்க்கும் யானைகள், பின்னால் மனைவிக்கும் யானைக்கும் இடையே வரும் பயம், கடைசியில் எசமானுக்காகக் குண்டை வாங்கிச் சாகும் யானை ராமு. இந்தி தெரியாத தமிழர்கள், இயக்கியவர் திருமுகம் உட்பட, எடுத்த படம் அந்த ஆண்டின் மிகப் பெரிய இந்தி வெற்றியானது. மறு ஆண்டே எம்.ஜி.ஆரை வைத்து "நல்ல நேரம்" என்று அதைத் தமிழுக்குத் திருப்பிக் கொண்டுவந்தார். ஒரே யானையை மூன்று தடவை சந்தைக்கு ஓட்டியவர் தேவர். முதல் தடவை விலை போகாததற்கு யானையைக் குற்றம் சொல்லவில்லை.

என் அம்மாயி (அம்மாவின் அம்மா) கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1977இல் "ஆட்டுக்கார அலமேலு" வந்தது. ஸ்ரீபிரியாவும் ஓர் ஆட்டுக்கிடாவும் நடித்த படம். மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து பார்க்கும் டூரிங் கொட்டகையில் அம்மாயி அதைப் பார்த்துவிட்டு வந்தார். அந்த வாரம் சந்தையில் விற்பதாகப் பேசி வைத்திருந்த கிடாய்க்குட்டி ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. வியாபாரி வந்து கயிற்றைப் பிடித்தபோது அம்மாயி குறுக்கே நின்றுகொண்டு, "அது எங்கூட்டுப் பையனுங்க, போயிட்டு வாங்க" என்றார். அப்புச்சிக்கு வந்த கோபத்தைக் கேட்க வேண்டாம். அச்சாரம் வாங்கியாகிவிட்டது. சொன்ன சொல் என்ன ஆவது? கடைசியில் அச்சாரத்தைத் திருப்பிக் கொடுத்து, கூடவே வியாபாரிக்கு வண்டிக் கூலியும் கொடுத்து அனுப்பினார். அன்றைக்கு எங்கள் வீட்டில் தேவரின் இரண்டு பாடங்களும் ஒன்றோடொன்று மோதின. வாக்கு பெரியதா, வளர்த்த உயிர் பெரியதா? அம்மாயி ஜெயித்தார். கிடாய் வயசாகித்தான் செத்தது.

முருகன் பங்கு

லாபத்தில் ஒரு பங்கை முருகனுக்கு என்று ஒதுக்கி வைத்தவர் தேவர். மருதமலைப் படியேறிப் போகிறவர்கள் அவர் செய்த திருப்பணிகளைத் தாண்டித்தான் போக வேண்டும். கோபம் வந்தால் முருகனையே பேர் சொல்லித் திட்டுவார் என்று அவரை அறிந்தவர்கள் சொல்வார்கள். இதைக் கேட்டு நம்மில் சிலர் சிரிப்போம். கூட்டாளியைத் திட்டாமல் வேறு யாரைத் திட்டுவது? முருகனை அவர் பங்குதாரராகவே வைத்திருந்தார். பங்கு வாங்கியவர் வேலையைச் சரியாகப் பார்க்க வேண்டும் அல்லவா?

அந்தப் பக்தியும் படமானது. 1969இல் வந்த "துணைவன்" படத்தில் நம் கொடுமுடிக்காரர் கே.பி. சுந்தராம்பாள் பாடினார். சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அவருக்குக் கிடைத்தது. 1972இல் "தெய்வம்" படத்தில் குன்னக்குடி வைத்தியநாதன் இசையில், கண்ணதாசன் வரிகளை மதுரை சோமு, பித்துக்குளி முருகதாஸ், பெங்களூர் ரமணியம்மாள், சூலமங்கலம் சகோதரிகள் எனப் பெரிய பாடகர்கள் திரையில் தோன்றியே பாடினார்கள். மதுரை சோமு பாடிய மருதமலைப் பாட்டு ஒலிக்காத கோயில் திருவிழா இன்றைக்கும் இந்தச் சுற்றுவட்டாரத்தில் கிடையாது. கச்சேரி மேடையை டூரிங் கொட்டகையின் மணல்மேட்டுக்குக் கொண்டுவந்தவர், படிப்பு தொடக்கத்திலேயே நின்ற இந்தச் சோடாக் கம்பெனிக்காரர்.

மறுபக்கம்

அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் புகழ்மாலை மட்டும் என்று ஆகிவிடக் கூடாது. தேவர் படங்களை வரிசையாகப் போட்டுப் பார்த்தால் அலுப்புத் தட்டும். தலைப்பிலேயே "தாய்" ஆறு தடவைக்குக் குறையாமல் வருகிறார். கதை ஏறக்குறைய ஒரே தடத்தில் ஓடும். நாள் தவறாமல் வர வேண்டிய படம், புதிதாக யோசிக்க நின்றுகொண்டிருக்க முடியாது. தேதிக்குக் கொடுத்த விலை அது. ஸ்ரீராமுலு நாயுடு போல ஒரு ஸ்டூடியோவைக் கோவைக்கு விட்டுப்போகவும் இல்லை. அவர் படங்களின் தொழில் சென்னையில்தான் நடந்தது.

விலங்குகள் விஷயமும் உண்டு. அந்தக் காளைகளும் சிறுத்தைகளும் எப்படிப் பழக்கப்பட்டன என்று அன்றைக்குக் கொட்டகையில் யாரும் கேட்கவில்லை. இன்றைக்குக் கேட்காமல் இருக்க முடியாது. விலங்குகளை நடிக்க வைப்பதற்கான விதிகள் 2001இல் கடுமையாயின, இப்போது படத்தில் ஒரு நாயைக் காட்டக்கூட அனுமதி வாங்க வேண்டும். அன்பைச் சொல்லும் காட்சியை அன்பாகத்தான் எடுத்தார்களா என்ற கேள்வி நியாயமானது. தேவரை மதிக்கிறவர்கள்தான் அதை முதலில் கேட்க வேண்டும்.

கடைசித் தேதி

1978இல் ரஜினிகாந்தை வைத்து "தாய் மீது சத்தியம்" எடுத்துக்கொண்டிருந்தார். மருமகன் ஆர். தியாகராஜன் இயக்கம். செப்டம்பர் 8 அன்று தேவர் காலமானார். வயது 63. முதலாளி போய்விட்டால் படம் பெட்டிக்குள் போவதுதான் சினிமா வழக்கம். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அக்டோபர் 30 அன்று, தீபாவளிக்குப் படம் வந்தது. நாளைச் சொன்னவர் போன பிறகும் நாள் நின்றது. இதைவிட ஒரு தயாரிப்பாளருக்கு வேறு நினைவுச்சின்னம் வேண்டுமா என்று எனக்குத் தெரியவில்லை.

இங்கே முடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் இந்த மண்டபத்துக்கு வரும் வழியில் தடாகம் சாலைப் பிரிவைப் பார்த்தேன். பார்த்த பிறகு யானையைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. துடியலூர்க்காரர்களுக்கு யானை திரையில் வரும் பிராணி இல்லை. ராத்திரி நாய் விடாமல் குலைத்தால் வாழைத்தோட்டத்துப் பக்கம் டார்ச் அடித்துப் பார்க்கிறவர்கள் நீங்கள். 2018 டிசம்பரில் தடாகத்தில் விநாயகன் என்ற காட்டு யானையைப் பிடித்துக்கொண்டு போனார்கள். 2019 ஜனவரியில் சின்னத்தம்பி என்ற இன்னொரு யானையைப் பிடித்து டாப்சிலிப் பக்கம் விட்டார்கள். சின்னத்தம்பி அங்கே தங்கவில்லை. காட்டை விட்டு இறங்கி நடந்து, உடுமலைப் பக்கம் கரும்புக்காட்டுக்கு வந்து நின்றான். எத்தனையோ பேர் போய்ப் பார்த்தார்கள். ஒருவரையும் அவன் ஒன்றும் செய்யவில்லை. அந்தக் கூட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது எனக்குத் தேவர் படத்துக்குக் கூடிய கொட்டகைதான் நினைவுக்கு வந்தது. ராமுவுக்காக அழுத கண்களின் பேரப்பிள்ளைகள்தான் அங்கே நின்றார்கள். கடைசியில் பிப்ரவரியில் மறுபடியும் பிடித்து வரகளியாறு கூண்டுக்குக் கொண்டுபோனார்கள்.

பயிர் போனவரின் வயிற்றெரிச்சலை நான் அறிவேன். என் சொந்தக்காரர்களிலேயே அப்படிப் பட்டவர்கள் இருக்கிறார்கள். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. பொள்ளாச்சிச் சந்தைத் துண்டுதான் எனக்குள் உறுத்திக்கொண்டிருக்கிறது. மலையடிவாரத்தில் வீட்டுமனை போட்டோம், செம்மண்ணை வெட்டிச் செங்கல் அறுத்தோம், வேலி கட்டினோம். ஒவ்வொன்றுக்கும் யாருக்கோ பணம் கொடுத்தோம், யாரிடமோ கையெழுத்து வாங்கினோம். அந்த வழியில் நமக்கு முன்பே நடந்துகொண்டிருந்தவனிடம் மட்டும் விரல் பிடிக்கவே இல்லை. துண்டுக்கு அடியில் ஒரு கை குறையும்போதே பேரத்தை முடித்து உதறிவிட்டோம்.

தேவர் வாழ்நாள் முழுக்க ஒரு கணக்கை மட்டும் விடாமல் வைத்திருந்தார். வேலை வாங்கும் முன் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாயிற்றா? நடிகருக்கு, தொழிலாளிக்கு, முருகனுக்கு. அவர் ஊர்க்காரர்களாகிய நாம் அந்தக் கணக்கில் இன்னும் ஒரு பெயரைச் சேர்த்துப் பார்க்கலாம்.

கூட்டம் எட்டு மணிக்கு முடியும் என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறது. மணி எட்டாக இரண்டு நிமிடம் இருக்கிறது.